ஓட்டப் பயிற்சியாளர் பல்கலைக்கழகத்தின் கஜானாவைப் பிடித்த கதை: டிலாஸ் டாட்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த டிலாஸ் டாட்ஸ்?

ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விளையாட்டுத் துறைக்கு 1981 முதல் 2013 வரை, 32 ஆண்டுகள் இயக்குநராக இருந்தவர். அதற்கு முன் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 13 ஆண்டு தடகளப் பயிற்சியாளர். அவர் ஆஸ்டினுக்கு வந்தபோது துறையின் ஆண்டு பட்ஜெட் 50 லட்சம் டாலரைத் தொடவில்லை. விடைபெற்றபோது அது 16 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும் தலை சுற்றும் வளர்ச்சி. அமெரிக்காவில் அதிக வருமானம் பார்த்த கல்லூரி விளையாட்டுத் துறை என்றால் அந்த ஆண்டுகளில் டெக்சஸ்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வளர்ந்த தடகளம் கல்லூரிகளில் கிட்டத்தட்ட எங்குமே லாபம் தருவதில்லை. டிக்கெட் விற்காத விளையாட்டிலிருந்து வந்த மனிதர், டிக்கெட் விற்கும் கலையில் எல்லோரையும் முந்தினார்.

அந்தப் பதவி நம் கல்லூரிகளில் இருக்கும் உடற்கல்வி இயக்குநர் பதவி மாதிரியா?

பெயர்தான் கொஞ்சம் ஒத்துப்போகும், வேலை வேறு. நம் ஊர் உடற்கல்வி இயக்குநர் அணியைத் தேர்வு செய்வார், மைதானத்தைப் பார்த்துக்கொள்வார், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மாணவர்களை ரயிலேற்றி அழைத்துப் போவார். பல இடங்களில் பயிற்சியாளரும் அவரே.

அமெரிக்கப் பெரிய பல்கலைக்கழகத்தில் விளையாட்டுத் துறை இயக்குநர் பயிற்சியே தரமாட்டார். பயிற்சியாளர்களை நியமிப்பார், நீக்குவார். ஒரு லட்சம் பேர் அமரும் ஸ்டேடியத்தைக் கட்டக் கடன் ஏற்பாடு செய்வார். டிவி நிறுவனங்களுடன் ஒப்பந்தம் பேசுவார். எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் பழைய மாணவர்களுடன் விருந்துண்டு நன்கொடை வாங்குவார். மாணவர் யாராவது விதிமீறினால், நாட்டின் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அமைப்புக்குப் பதில் சொல்வார். ஃபுட்பால் அணி (நாம் சொல்லும் கால்பந்து இல்லை, ஹெல்மெட் போட்டு ஆடுவது) இரண்டு ஆட்டம் தொடர்ந்து தோற்றால், திட்டு வாங்குவதும் அவர்தான்.

ஃபுட்பால் சம்பாதிக்கும். கூடைப்பந்து ஓரளவு சம்பாதிக்கும். நீச்சல், தடகளம், டென்னிஸ், கோல்ஃப், படகு எல்லாம் அந்தப் பணத்தில் சாப்பிடும். இந்தக் குடும்பக் கணக்கைச் சமாளிப்பதுதான் வேலையின் சாரம்.

அவர் எங்கிருந்து வந்தார்?

1937-இல் கான்சஸ் மாநிலத்தில் ரைலி என்ற சின்ன ஊரில் பிறந்தார். கோதுமை வயலும் மாட்டுப் பண்ணையும் உள்ள பகுதி. பக்கத்தில் இருக்கும் மன்ஹாட்டனில்தான் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகம். (நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை. கான்சஸ்காரர்கள் தங்கள் ஊரைச் செல்லமாகச் 'சின்ன ஆப்பிள்' என்பார்கள்.)

அங்கே சேர்ந்து 440 கஜ ஓட்டக்காரரானார். இன்றைய 400 மீட்டருக்கு முன்னோடி அது, கால் மைல் தூரம். 1959-இல் பட்டம் வாங்கினார். அவருக்குப் பயிற்சி தந்த வார்ட் ஹேலெட் 1928 முதல் அங்கேயே இருந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 200 மீட்டரில் வெள்ளியும், 1956 மெல்போர்னில் ரிலே தங்கமும் வாங்கிய தேன் பேக்கர் அவருடைய பழைய மாணவர்தான். 1963-இல் ஹேலெட் ஓய்வு பெற்றதும், அந்த நாற்காலிக்கு இருபத்தாறு வயதுகூட முடியாத டாட்ஸ் வந்தார்.

பயிற்சியாளராக எப்படி?

நல்ல பயிற்சியாளர். ஆனால் பக்கத்து வீடு பெரிய வீடாக அமைந்துவிட்டது. ஒன்றரை மணி நேரக் கார் பயணத்தில் இருக்கும் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் அப்போது ஜிம் ரையன் ஓடிக்கொண்டிருந்தார். 1966-இல் 3:51.3, 1967-இல் 3:51.1 என்று ஒரு மைல் உலக சாதனையை இரண்டு முறை எழுதியவர். அந்த வளாகத்தின் அணி தேசியப் பட்டமும் வாங்கிய அணி. அந்த நிழலில் இருந்துகொண்டு, பண்ணை வேலை பார்த்த உள்ளூர்ப் பையன்களைத் தேடிப் பிடித்து ஓட வைத்தார் டாட்ஸ். அவர் காலத்தில் அங்கே ஓடிய கென் ஸ்வென்சன் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 800 மீட்டருக்கு அமெரிக்கா சார்பில் போனார்.

தடகளப் பயிற்சியாளர் வேலையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பின்னாளில் நடந்தது புரியும். ஃபுட்பால் பயிற்சியாளருக்கு ஒரே அணி, ஒரே ஆட்டம். தடகளக்காரருக்கு ஒரு மைதானத்தில் ஒரே சமயத்தில் நாலைந்து காரியம் நடக்கும். அந்தப் பக்கம் ஈட்டி பறக்கும், இந்தப் பக்கம் உயரம் தாண்டுதல், நடுவே 800 மீட்டர் ஹீட். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத ஆட்கள். குண்டு எறிபவனுக்குச் சொல்லும் அறிவுரை 1500 மீட்டர்காரனுக்கு உதவாது. ஒவ்வொருவரும் தனியாக எடுக்கும் புள்ளி சேர்ந்தால்தான் அணியின் மொத்தம்.

உதவித்தொகையும் அப்படித்தான். முழு ஸ்காலர்ஷிப் கொஞ்சம்தான் இருக்கும். அதை அரை, கால், கட்டணம் மட்டும், புத்தகம் மட்டும் என்று கூறு போட்டு நிறையப் பேருக்குக் கொடுக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு, எந்தப் போட்டியிலிருந்து புள்ளி வரும், யாரை அடுத்த வருஷம் விட்டுவிடலாம் என்ற இந்தக் கணக்கில் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊறியவருக்கு, பல விளையாட்டுகள் கொண்ட துறையின் பட்ஜெட் அவ்வளவு அந்நியமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

பிறகு ஏன் ஓட்டத்தை விட்டு அலுவலகத்துக்குப் போனார்?

1976-இல் பிக் எய்ட் கான்ஃபரன்ஸ் அலுவலகத்தில் உதவி ஆணையராகச் சேர்ந்தார். கான்ஃபரன்ஸ் என்றால் அக்கம்பக்கத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் லீக். அங்கே இரண்டு ஆண்டு இருந்ததில், ஒரு வளாகத்துக்கு வெளியே நின்று மொத்த லீக்கையும் பார்க்கும் பார்வை கிடைத்தது. 1978-இல் கான்சஸ் ஸ்டேட்டே அவரை விளையாட்டுத் துறை இயக்குநராகத் திரும்ப அழைத்தது.

நல்ல வேலை என்று சொல்லிவிட முடியாது. கூடைப்பந்தில் ஜாக் ஹார்ட்மன் அணி பலமாக இருந்தது. ஆனால் ஃபுட்பாலில் அந்தப் பல்கலைக்கழகம் நாட்டிலேயே அதிகம் தோற்ற அணிகளில் ஒன்று. கையில் காசும் இல்லை. மூன்று ஆண்டில் டெக்சஸ் கூப்பிட்டது, போய்விட்டார்.

டெக்சஸ் ஏன் ஓட்டப் பயிற்சியாளர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது?

அன்றைக்குப் பலருக்கும் இருந்த சந்தேகம் இது. டெக்சஸில் ஃபுட்பால் கிட்டத்தட்ட மதம். ஃபுட்பால் பயிற்சியாளராக மூன்று தேசியப் பட்டங்கள் தந்த டாரெல் ராயல்தான் 1979 வரை இயக்குநராகவும் இருந்தார். அந்த வரிசையில் கான்சஸிலிருந்து, ஃபுட்பாலே ஆடிப் புகழ்பெறாத ஒருவர்.

ஆனால் ஒரு நன்மை இருந்தது. உள்ளூர்ச் சண்டைகள் எதிலும் அவர் ஒரு கட்சி இல்லை. ராயல் ஆதரவாளரும் இல்லை, எதிர்ப்பாளரும் இல்லை.

வந்ததும் என்ன செய்தார்?

வந்த சில மாதங்களிலேயே மக்கள் கொண்டாடிய ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார். கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஏப் லெமன்ஸ் 1978-இல் என்ஐடி என்ற தேசியக் கூடைப்பந்துத் தொடரின் பட்டம் வாங்கியவர், வாயைத் திறந்தால் நகைச்சுவை. 1982-இல் அவரை நீக்கினார் டாட்ஸ். அடிப்பாகம் கண்ணாடியால் ஆன கார் ஒன்று வேண்டும், டாட்ஸ் மேல் ஏற்றும்போது அவர் முகத்தைப் பார்க்கலாம் என்று லெமன்ஸ் சொன்னதாக ஒரு கதை இன்றும் டெக்சஸில் ஓடுகிறது.

பதிலுக்கு வந்த பாப் வெல்ட்லிச் ஆறு ஆண்டு தடுமாறினார், அரங்கம் காலியானது. 1988-இல் டாம் பெண்டர்ஸ் வந்த பிறகுதான் கூட்டம் திரும்பியது. 1998-இல் ரிக் பார்ன்ஸ் வந்தார். 2003-இல் டெக்சஸ் தேசியப் போட்டியின் கடைசி நால்வர் சுற்று வரை போனது.

அப்படியானால் ஆள் தேர்வில் அவர் சொதப்பியிருக்கிறாரா?

நிறைய. அதை மறைத்துப் பேசினால் கதை பாதிதான். ஃபுட்பாலையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பே இருந்த ஃப்ரெட் ஏக்கர்ஸை 1986-இல் நீக்கினார். டேவிட் மெக்வில்லியம்ஸ் 1991 வரை, ஜான் மக்கோவிக் 1992 முதல் 1997 வரை. இரண்டும் நிலைக்கவில்லை. 1997 செப்டம்பரில் சொந்த ஊரில், சொந்த ரசிகர்கள் முன்னால், யூசிஎல்ஏ அணியிடம் 66-3 என்று தோற்றார்கள். டெக்சஸில் அந்த எண்ணை இன்றும் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

அந்தப் பருவம் முடிந்ததும் வட கரோலினாவிலிருந்து மேக் பிரவுனை அழைத்து வந்தார். அடுத்த வருஷமே டெக்சஸின் ரிக்கி வில்லியம்ஸுக்கு, நாட்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. ஆனால் பெரிய பட்டம் வர எட்டு பருவங்கள் பிடித்தன.

அந்தப் பட்டம் வந்த இரவை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்லலாம். 2006 ஜனவரி 4, பாசடீனா, ரோஸ் பவுல். எதிரே யுஎஸ்சி, 34 ஆட்டங்கள் தொடர்ந்து வென்ற அணி. கடைசி நிமிடம், 38-33 என்று யுஎஸ்சி முன்னணி. டெக்சஸுக்கு நாலாவது, அதாவது கடைசி வாய்ப்பு, ஐந்து கஜம் தேவை, பந்து எட்டு கஜக் கோட்டில். வின்ஸ் யங் பந்தை வாங்கி எறிய ஆள் தேடினார், யாரும் தோதாக இல்லை. வலப்பக்கம் வளைந்து, மூலைக்கொடியை நோக்கி ஓடியே போய்விட்டார். 19 நொடி பாக்கி. 41-38. முப்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு தேசியப் பட்டம்.

பேஸ்பாலில் தேர்வு சரியாகவே அமைந்தது. ஆகி கரிடோவை அழைத்து வந்தார்; 2002, 2005 இரண்டு ஆண்டும் கல்லூரி உலகத் தொடர் பட்டம். நீச்சல் பயிற்சியாளர் எடி ரீஸ் டாட்ஸுக்கு முன்பே, 1978-இல் வந்தவர். அவரை டாட்ஸ் தொடவே இல்லை. நன்றாக நடப்பதில் கை வைக்காமல் இருப்பதும் ஒரு திறமைதான். எல்லா நிர்வாகிகளுக்கும் அது வாய்ப்பதில்லை.

சொந்த விளையாட்டான தடகளத்துக்கு என்ன செய்தார்?

இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஃபுட்பால் ஸ்டேடியத்திலிருந்து ஓடுபாதையைப் பெயர்த்தெடுத்தவர் இந்தப் பழைய ஓட்டப் பயிற்சியாளர்தான்.

டெக்சஸ் ரிலேஸ் என்பது 1925 முதல் ஆஸ்டினில் நடக்கும் பெரிய தடகள விழா. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் க்ளைட் லிட்டில்ஃபீல்ட். அவர் நாற்பது ஆண்டு அங்கே தடகளப் பயிற்சியாளர், நடுவில் ஃபுட்பால் பயிற்சியும் தந்தவர். எழுபது ஆண்டுக்கு மேலாக அந்த விழா மெமோரியல் ஸ்டேடியத்தில்தான், ஃபுட்பால் மைதானத்தைச் சுற்றியிருந்த பாதையில் நடந்துவந்தது. ஃபுட்பால் பார்க்க வருபவர்களுக்கோ அந்தப் பாதை தொல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்தாலும் ஆட்டக்காரருக்கும் தங்களுக்கும் நடுவே எட்டு ஒன்பது லேன் காலியாகக் கிடக்கும்.

1990களின் கடைசியில் ஸ்டேடியத்தைப் பெரிதாக்கியபோது அந்தப் பாதையை எடுத்தார்கள், மைதானத்தின் தரையைத் தாழ்த்தினார்கள், காலியான இடத்தில் இருக்கைகளை இறக்கினார்கள். எத்தனை டிக்கெட், எவ்வளவு விலை என்று கணக்குப் பார்த்தால் தயங்க வேண்டிய முடிவே இல்லை.

தடகளத்தைத் தெருவில் விட்டுவிடவில்லை. 1999-இல் மைக் மையர்ஸ் ஸ்டேடியம் என்ற தனி அரங்கம் திறந்து, டெக்சஸ் ரிலேஸ் அங்கே போனது. கால்பந்துக்கும் அதே இடம்தான் என்றாலும், ஃபுட்பாலுக்காக ஒதுங்கி நிற்க வேண்டிய நிலை போனது. பழைய ரசிகர்கள் சிலருக்குப் பெரிய ஸ்டேடியத்தின் கம்பீரம் போய்விட்டதே என்ற வருத்தம் இருந்தது. என்னைக் கேட்டால், எண்பதாயிரம் இருக்கைக்கு நடுவே சில ஆயிரம் பேர் சிதறி உட்கார்ந்து ஓட்டம் பார்ப்பதைவிட, நிரம்பிய சின்ன அரங்கம் மேல்.

ஆட்களைப் பொறுத்தவரை, 1988 ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஸ்டேன் ஹண்ட்ஸ்மன் டெக்சஸில் இருந்தார். பிறகு பப்பா தார்ன்டன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் வெள்ளி வாங்கிய லியோ மன்ஸானோ, டெக்கத்லான் வெள்ளி வாங்கிய ட்ரே ஹார்டி இருவரும் அங்கே ஓடிப் படித்தவர்கள். இன்னொரு பெயரும் உண்டு. மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகேவின் பயிற்சியாளர் பாட்ரிக் சாங் 1980களில் கென்யாவிலிருந்து ஸ்காலர்ஷிப்பில் வந்து டெக்சஸில் படித்தவர். 1992 பார்சிலோனாவில் ஸ்டீபிள்சேஸ் வெள்ளி வாங்கினார். ஆக, மாரத்தான் வரலாற்றில் ஒரு சின்ன நூல் ஆஸ்டின் வரை வருகிறது.

இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?

மூன்று வழி.

முதல் வழி நீதிமன்றம். 1984 வரை கல்லூரி ஃபுட்பாலை டிவியில் எத்தனை ஆட்டம் காட்டலாம் என்பதை என்சிஏஏ-தான் கட்டுப்படுத்தியது. ஓக்லஹோமா பல்கலைக்கழக நிர்வாகக் குழு தொடுத்த வழக்கில், அது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அன்றோடு கதவு திறந்துவிட்டது. பெரிய பெயர் உள்ள பல்கலைக்கழகங்கள் தங்கள் ஆட்டத்தை விற்கலாம். டாட்ஸ் பதவிக்கு வந்து மூன்றே வருஷம் ஆகியிருந்த நேரம் அது. ஜாதகம் நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாவது வழி நன்கொடை. நல்ல இருக்கை வேண்டுமானால் டிக்கெட் விலையோடு துறைக்கு நன்கொடையும் தர வேண்டும் என்ற ஏற்பாட்டை 1980களில் ஒழுங்குபடுத்தினார்கள். அதிகம் தந்தவருக்கு மைதானத்தின் நடுவில் இருக்கும் ஐம்பது கஜக் கோட்டுக்குப் பக்கத்தில் இடம். பிறகு குளிரூட்டிய தனி அறைகள். 2009-இல் ஸ்டேடியத்தின் கொள்ளளவே ஒரு லட்சத்தைத் தாண்டியது.

மூன்றாவது, உரிமச் சரக்கு. மாட்டுத் தலைச் சின்னமும் காவி கலந்த ஆரஞ்சு நிறமும் போட்ட சட்டை, தொப்பி, சாவிக்கொத்து வரை விற்றதில் டெக்சஸ் பல ஆண்டு நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது.

லாங்ஹார்ன் நெட்வொர்க் என்றால் என்ன? அதில் ஏன் அத்தனை சண்டை?

ஒரு பல்கலைக்கழகத்துக்கு மட்டுமே என்று ஒரு டிவி சேனல். ஈஎஸ்பிஎன் நடத்தும், டெக்சஸுக்கு 20 ஆண்டில் 30 கோடி டாலர் தரும். 2011 ஜனவரியில் அறிவித்து ஆகஸ்டில் ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டு வருமானத்தில் பாதியைப் படிப்புத் துறைகளுக்கே தருவதாகவும் பல்கலைக்கழகம் சொன்னது.

லீக்கில் கூட இருந்தவர்களுக்கு வயிறெரிந்தது. டெக்சஸ் அப்போது ஆடிய பிக் 12 லீக்கில் எல்லோரும் சேர்ந்து ஆடுகிறோம், ஒருவருக்கு மட்டும் தனி சேனலா? அதிலும் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களைக் காட்டப் போகிறோம் என்றதும், அதே மாநிலத்தின் இன்னொரு பெரிய பல்கலைக்கழகமான டெக்சஸ் ஏ&எம் கொதித்தது. அந்தப் பள்ளிகளிலிருந்துதான் எல்லோரும் ஆட்களை எடுக்கிறார்கள். தன் மகன் டிவியில் வருவதைப் பார்க்கும் அப்பா எந்தக் கல்லூரிப் பக்கம் சாய்வார்? என்சிஏஏ தலையிட்டுப் பள்ளி ஆட்டங்களுக்குத் தடை போட்டது. ஆனால் அதற்குள் மனம் கசந்துவிட்டது.

நெப்ராஸ்காவும் கொலராடோவும் சேனலுக்கு முன்பே, 2010-இல் பிக் 12-இலிருந்து வெளியேற முடிவெடுத்திருந்தன. அதே கோடையில் டெக்சஸும் இன்னும் சில அணிகளும் மேற்குக் கரை லீக்குக்குப் போகும் பேச்சு கடைசிக் கட்டம் வரை போய் நின்றது. அடுத்த ஆண்டு ஏ&எம், மிசௌரி இரண்டும் எஸ்இசி லீக்குக்குப் போக முடிவெடுத்தன. 2011 தேங்க்ஸ்கிவிங் இரவில் ஏ&எம்முக்கு எதிராக ஜஸ்டின் டக்கர் கடைசி நொடியில் உதைத்த பந்தில் டெக்சஸ் 27-25 என்று வென்றது. நூறாண்டுக்கு மேல் பழமையான அந்த மோதல் அதோடு நின்று, 2024-இல்தான் மறுபடி நடந்தது.

அதுவும் எப்படி? டெக்சஸே 2024 ஜூலையில் எஸ்இசி-க்குப் போய்ச் சேர்ந்தபோது. தனி சேனலையும் அப்போது மூடிவிட்டார்கள். 20 ஆண்டு ஒப்பந்தம் 13 ஆண்டில் முடிந்தது.

டாட்ஸின் மொத்த வாழ்க்கையில் எனக்கு உறுத்துவது இந்தப் பகுதிதான். தன் வீட்டுக் கணக்கில் அவருக்கு இணையானவர் அன்று யாரும் இல்லை. ஆனால் லீக் என்பது பத்துப் பேர் சேர்ந்து இழுக்கும் தேர். தனியாக வேகமாக ஓடிப் பழகியவர், வடம் பிடிக்கும் மற்றவர்களை அவ்வப்போது மறந்துவிட்டார்.

வேறு விமர்சனங்கள்?

2009 டிசம்பரில் மேக் பிரவுனின் ஆண்டு சம்பளத்தை 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். பொருளாதாரச் சரிவு நேரம், வளாகத்தில் சிக்கன நடவடிக்கைகள் நடந்துகொண்டிருந்தன. பேராசிரியர்கள் மன்றம் இது பொருத்தமற்றது என்று தீர்மானமே போட்டது. விளையாட்டுத் துறை தன் பணத்தில்தான் தருகிறது, வரிப்பணமோ கட்டணமோ இல்லை என்பது நிர்வாகத்தின் பதில். கணக்குப்படி சரி. வேலை போகுமோ என்று பயந்துகொண்டிருந்த ஆசிரியரிடம் அந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். அடுத்த பருவமே அணி 5-7 என்று சரிந்தது.

கடைசி சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் நீண்ட நாள் நீட்டுகிறார் என்ற குறையும் வந்தது. 2013 அக்டோபரில், 76 வயதில், ஓய்வை அறிவித்தார். அந்தப் பருவத்தோடு பிரவுனும் போனார்.

பெண்கள் விளையாட்டுகள்?

அவர் பொறுப்பில் இல்லை. டெக்சஸில் அவர் காலம் முழுக்கப் பெண்கள் பிரிவுக்குத் தனி இயக்குநர். 1992 வரை டோனா லோபியானோ, பிறகு கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜோடி கான்ராட், 2001 முதல் கிறிஸ் ப்ளான்ஸ்கி. 1986-இல் 34-0 என்று தோல்வியே இல்லாமல் தேசியப் பட்டம் வென்ற பெண்கள் கூடைப்பந்து அணியை அந்தப் பிரிவுதான் வளர்த்தது. 1990களில் ஒரு சமத்துவ வழக்கு சமரசத்தில் முடிந்ததை ஒட்டிக் கால்பந்து, சாஃப்ட்பால், படகு ஆகியவையும் பெண்களுக்குச் சேர்ந்தன. டாட்ஸைப் பாராட்டும்போது இந்த வெற்றிகளையும் அவர் கணக்கில் எழுதிவிடுவது அநியாயம்.

தடகளத்திலிருந்து இப்படி உயர்ந்தவர்கள் வேறு யாராவது உண்டா?

உண்டு. ப்ரூட்டஸ் ஹாமில்டன் என்று ஒருவர். 1920 ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் டெக்கத்லான் வெள்ளி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1933 முதல் 1965 வரை தடகளப் பயிற்சியாளர். நடுவில் 1947 முதல் சுமார் பத்து ஆண்டு விளையாட்டுத் துறை இயக்குநர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். 1952-இல் அமெரிக்க ஒலிம்பிக் தடகள அணியின் தலைமைப் பயிற்சியாளரும் அவர்தான். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் அமெரிக்கரான டான் போடன் 1957-இல் அவருடைய மாணவர். அந்தக் காலத்தில் இரண்டு நாற்காலியிலும் ஒருவரே உட்கார முடிந்தது. இன்று நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

லீராய் வாக்கர் இன்னும் மேலே போனார். வட கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகத்தில் தடகளப் பயிற்சியாளர், 110 மீட்டர் தடை ஓட்டத்தில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய லீ கால்ஹூனின் குரு. 1976-இல் அமெரிக்க ஆண்கள் ஒலிம்பிக் தடகள அணியின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர். பிறகு அதே பல்கலைக்கழகத்தின் வேந்தர், 1992-இல் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர்.

இன்றைக்கு ஒரு தடகளப் பயிற்சியாளர் அந்தப் பதவிக்கு வர முடியுமா?

பெரிய பல்கலைக்கழகத்தில் கஷ்டம். நன்கொடை திரட்டுவதிலோ சட்டத்திலோ வணிகத்திலோ பழகியவர்களைத்தான் தேடுகிறார்கள். அதில் எப்போதும் பலன் உண்டு என்றும் சொல்ல முடியாது. டாட்ஸுக்குப் பின் டெக்சஸ் கொண்டுவந்த ஸ்டீவ் பேட்டர்சன் தொழில்முறைக் கூடைப்பந்து அணிகளை நடத்திய அனுபவசாலி. விலையை ஏற்றினார், நீண்டகால ஆதரவாளர்களைப் பகைத்துக்கொண்டார். இரண்டு ஆண்டு முடியும் முன்பே, 2015 செப்டம்பரில் வெளியே போனார். பயிற்சியாளராக இருந்தவருக்கு ஆள் மனம் தெரியும் என்பார்கள். அது இங்கே கொஞ்சம் நிரூபணம் ஆனது போலத்தான்.

இப்போதைய பண விநியோகத்தில் தடகளத்தின் கதி என்ன?

கொஞ்சம் கவலைக்கிடம். 2021 முதல் மாணவ விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். 2025 ஜூனில் உறுதியான ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். இதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

பணம் இறுகினால் முதலில் கத்தி விழுவது ஆண்கள் தடகளம் போன்ற இடங்களில்தான். 2020-இல் க்ளெம்சன் தன் ஆண்கள் தடகள அணியை நிறுத்துவதாக அறிவித்தது. எதிர்ப்பு பலமாகி, 2021 ஏப்ரலில் முடிவைத் திரும்பப் பெற்றது. எல்லா அணிக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை.

என் பிள்ளை நன்றாக ஓடுகிறான், தாண்டுகிறான். ஸ்காலர்ஷிப்பில் அங்கே போக வழி உண்டா?

உண்டு. டாட்ஸ் ஓடியும் பயிற்சி தந்தும் வாழ்ந்த அதே கான்சஸ் ஸ்டேட்டுக்கு 2017-இல் போனவர் தேஜஸ்வின் சங்கர். டெல்லியில் பிறந்து வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். அங்கே க்ளிஃப் ரொவெல்டோவிடம் பயிற்சி எடுத்து 2018, 2022 இரண்டு ஆண்டும் என்சிஏஏ உயரம் தாண்டுதல் பட்டம் வென்றார். 2018-இல் அவர் தாண்டிய 2.29 மீட்டர் இந்திய தேசிய சாதனை. 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் வெண்கலம், பின்னர் ஹாங்சோ ஆசியப் போட்டியில் டெக்கத்லான் வெள்ளி. படிப்பையும் முடித்தார்.

முதலில் சரியான போட்டியில், மின்னணு நேரக் கருவியில் பதிவான நேரம் வேண்டும். கைக்கடிகார நேரத்தை அங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். தாண்டுதல், எறிதல் என்றால் தூரத்தோடு காணொளியும் வைத்திருங்கள். பிறகு அந்தந்தப் பிரிவுக்கான பயிற்சியாளருக்கே நேரடியாக எழுதுங்கள். பல்கலைக்கழக அலுவலகத்துக்கு எழுதினால் பதில் வர நாளாகும். என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒன்பதாம் வகுப்பு முதல் மதிப்பெண் சான்றுகள் கேட்பார்கள், பத்திரமாக வையுங்கள்.

முழு ஸ்காலர்ஷிப்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தடகளத்தில் பகுதி உதவித்தொகைதான் வழக்கம், அதோடு படிப்புக்கான உதவித்தொகையும் சேர்ந்தால் செலவு பாதிக்குக் கீழ் வரலாம். மாணவர் விசாவில் போகிறவர் விளம்பரப் பணம் வாங்குவதில் சட்டச் சிக்கல் இருக்கிறது. யாராவது ஆசை காட்டினால், கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.